டிரைவரின் ஒரு நிமிடம்

என் வாழ்க்கையில் நான் பலரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். பக்கத்துக் கொல்லைக்காரனின் கிணற்றில் தண்ணீர் ஊறி என் கிணறு காய்ந்தபோது பொறாமைப்பட்டேன். கூடப் படித்தவன் தாலுகா ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது பொறாமைப்பட்டேன். அதெல்லாம் வந்த வேகத்தில் போய்விட்டது. ஒரே ஒரு மனிதர்மேல் மட்டும் அது மூன்று வருடம் விடாமல் இருந்தது. அவரிடம் நிலமில்லை, நல்ல வீடுகூட இல்லை. அவரால் ஒரு நிமிடம் அசையாமல் உட்கார முடிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது நான் பஸ் கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை போகும் பஸ். அவர் டிரைவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். திருநாவலூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கையில் பச்சை குத்தியிருப்பார், அதிகம் பேசமாட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைப்பார். கண்ணை மூடமாட்டார். முன்கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அப்படியே இருப்பார். எலுமிச்சம்பழம் கிடையாது, சூடம் கிடையாது, சாமி படம்கூடக் கிடையாது. நான் பின்படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதுவேன். திரும்பவும் ஊதுவேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியாது. அந்த நிமிடம் முடிந்த பிறகுதான் சாவி திரும்பும்.

என் கதை வேறு. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுக்கு நான்தான் மூத்தவன். விடிவதற்கு முன்னால் எழுந்து கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சி, மாட்டுக்குத் தீனி போட்டு, சைக்கிளை மிதித்து டிப்போவுக்கு ஓடவேண்டும். பஸ்ஸில் ஏறினால் கோழிக்கூடையை எங்கே வைப்பது, பலாப்பழத்துக்கு லக்கேஜ் உண்டா இல்லையா என்று மலை உச்சிவரை சண்டை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கவேண்டும். தம்பி டைப்ரைட்டிங் இரண்டு பாஷையிலும் முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். நான் ஒரு நாள் படுத்தால் வீட்டில் எதுவும் நடக்காது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மலைக்காரர்கள் அவரிடம் வைத்திருந்த பிரியத்தைப் பார்த்தால் எனக்கு எரியும். வெள்ளிமலையில் பஸ் நின்றதும் யாராவது ஒரு பெண் வந்து டிரைவர் ஜன்னலில் தேன் பாட்டிலை நீட்டுவாள். பலாச்சுளை வரும், நெல்லிக்காய் வரும். எனக்கு வருவதெல்லாம், "இன்னா கண்டக்டரு, போன வாரம் ஏத்திக்காமப் போய்ட்டியே" என்ற புகார்தான். ஒரு மழை நாளில் வளைவில் பாறை உருண்டு ரோட்டில் விழுந்தது. அவர் ஒரு முழம் தள்ளி வண்டியை நிறுத்தினார். பஸ் முழுக்க அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. பாறை உருளும் சத்தம் கேட்டு முதலில் விசில் ஊதியவன் நான். அதை ஒருவரும் சொல்லவில்லை. நானே இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்பிடியா" என்றார்கள்.

ஒருநாள் மலையடிவாரத்தில் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

"அப்படி இன்னாதான் கேக்கற டிரைவரே சாமிகிட்ட?"

"ஒண்ணியும் கேக்கல. வண்டிய எடுக்கறேன், பாத்துக்கோன்னு சொல்றேன். அவ்ளோதான்."

"அதுக்கு ஒரு நிமிசமா? வாய மூடித் தொறக்கற நேரம்தான் ஆவும்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "சொல்றதுக்கு நேரம் ஆவறதில்ல கண்டக்டரே. சொல்லிட்டு, மறுபடியும் அத நாமளே தூக்கிகினு வந்துடாம இருக்கணும் பாரு. அதுக்குத்தான் நேரம் ஆவுது."

எனக்கு அது நடிப்பாகப் பட்டது. ஆனால் அன்று சாயங்காலமே வீட்டில் சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். கரும்புக்கு உரம் வைக்கவேண்டும் என்பது முதலில் வந்தது. அப்புறம் தம்பி. அப்புறம் தங்கையின் ஜாதகம். அப்புறம், சைக்கிள் பின்சக்கரத்தில் காற்று. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இன்னா, ஒடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் எண்ணி எண்ணிச் சுற்றினேன். சுற்று எண்ணிக்கைதான் நினைவிருந்தது, சாமி நினைவில் இல்லை. ஒரு சாதாரண டிரைவருக்குக் கிடைப்பது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கோபம் வந்தது. அந்த வயதில் எனக்கு இருந்த பக்தியெல்லாம் அந்தக் கோபம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் வண்டி எங்கேயாவது சின்னதாக ஒரு இடி இடிக்கவேண்டும், ஒரு கீறலாவது விழவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது உண்டு. அதே வண்டியில்தான் நானும் போய்க்கொண்டிருந்தேன்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடம். எங்கள் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நியாயமான கேள்விதான். தம்பி கையில் சர்டிபிகேட்டோடு அலைவதைத் தினமும் பார்த்தவனுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. கடைசியில் ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். நான் நம்பவில்லை. அரை நாள் உட்காருவார்கள், போலீஸ் வந்து தூக்கிப்போகும், சாயங்காலம் பஸ் ஓடும் என்று நினைத்தேன். அதனால் மறியலுக்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம், எப்போதும்போல வெள்ளிமலைக்குக் கடைசி டிரிப் ஏறினோம். அந்த பஸ் மேலேயே தங்கி, மறுநாள் காலையில் முதல் பஸ்ஸாகக் கீழே இறங்கும். ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நைனார்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் வனத்துறைக் காவலர் ஒருவர் வந்தார். அவர்கள் ஆபீசில் வயர்லெஸ் இருந்தது.

"வண்டிய எடுக்காதீங்க. கச்சிராயபாளையத்துக்குக் கீழ ரோடு பூரா புளியமரத்த வெட்டிச் சாச்சிட்டாங்களாம். பஸ்ஸப் பாத்தா கல்லால அடிக்கறாங்க."

"எப்ப சரியாவும்?" என்று கேட்டேன்.

"மரம் ஒண்ணு ரெண்டுனா சொல்லலாம். நீ எப்பனு கேட்டா நான் இன்னாத்த சொல்றது?"

அன்று பகல் முழுவதும் நான் ஓடிக்கொண்டே இருந்தேன். தபாலாபீசுக்குப் போனேன், போன் செத்துக் கிடந்தது. வயர்லெஸ் ஆபீசுக்கு நாலு தடவை போய் நின்றேன். கீழே இறங்க ஜீப் இருக்கிறதா என்று விசாரித்தேன். கடுக்காய் வாங்க வந்து மாட்டிக்கொண்ட ஒரு வியாபாரியிடம் குறுக்குவழி கேட்டேன். நிச்சயத்துக்குப் பந்தல் சொல்லவில்லை, சமையலுக்கு ஆள் சொல்லவில்லை, பாத்திரம் எடுக்கவில்லை. எல்லாம் என் தலையில் இருந்தது, நான் மலைமேல் இருந்தேன்.

டிரைவர் பஸ்ஸைக் கழுவினார். அப்புறம் ஒரு மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் வயர்லெஸ் ஆபீசுக்குப் போகும்போதும் அப்படியே இருந்தார், திரும்பி வரும்போதும் அப்படியே இருந்தார். மத்தியானம் ஒரு வீட்டிலிருந்து சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் வந்தது. அதுவும் அவர் பேரைச் சொல்லித்தான் வந்தது. எனக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அவர் தயவில் சாப்பிடுகிறோமே என்று சோறு இறங்கவில்லை.

"எப்புடி டிரைவரே இப்புடிக் கல்லு மாரி உக்காந்துகினு இருக்க? உனக்கு வூடு வாசல் கெடையாதா?" என்றேன்.

"இருக்குது," என்றார்.

"இருக்கறவன் இப்புடி இருப்பானா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தூரத்து மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு வாசலில் ரேடியோ வைத்தார். ஏழெட்டுப் பேர் கூடினோம். துப்பாக்கிச் சூடு, சிலர் இறந்தது எல்லாம் சொன்னார்கள். செய்தி முடிந்த பிறகு கடுக்காய் வியாபாரி தனக்கு வயர்லெஸ் ஆபீசில் தெரிந்ததைச் சொன்னார். "வடக்க சில ஊர்ல காலனிக்குத் தீ வச்சிட்டாங்களாம். கூர வூடுங்க பத்தி எரியுதாம்."

நான் 'அய்யோ பாவம்' என்று சொன்னேன். எல்லாரும் சொன்னார்கள். டிரைவர் மட்டும் எழுந்து போய்விட்டார்.

அவர் காலனிக்காரர் என்பது எனக்குத் தெரியும். டிப்போவில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி நான் பேசியதே இல்லை. அவர் பாட்டிலில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன், அப்படிக் குடித்ததற்காக என்னை நானே பெரிய மனதுக்காரன் என்று மெச்சியும் இருக்கிறேன். ஆனால் அந்த வியாபாரி சொன்னதும் எனக்கு என் தங்கை நிச்சயம்தான் நினைவில் இருந்தது. அவர் எழுந்து போன பிறகுதான் உறைத்தது.

பின்னாலேயே போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருந்தது. நான் பின்படியில் ஏறுவதுதான் வழக்கம். அன்று முன்பக்கம் வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அப்போதுதான் முதல்முறையாக அந்தக் கைகளைப் பக்கத்தில் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தன. இறுக்கிப் பிடித்திருந்ததால் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. நான் மூன்று வருடமாகப் பின்படியிலிருந்து அவர் முதுகை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"டிரைவரே" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "எங்க காலனில முப்பது வூடு. எல்லாம் கூரதான். ரோட்டுக்கு அந்தாண்ட உங்க ஆளுங்க," என்றார். "பொண்டாட்டி, மூணு புள்ளைங்க. சின்னதுக்கு நடக்கவே வராது, தூக்கிகினுதான் ஓடணும்."

'எங்க ஆளுங்க அப்படி இல்ல' என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? என் தம்பி கோடாலியை எடுத்துக்கொண்டு மறியலுக்குப் போவதாகச் சொன்னபோது, "பாத்துப் போடா" என்று சொல்லி அனுப்பியவன் நான். அவன் வெட்டுவது மரம்தான். ஆனால் அந்த வாரம் யார் கையில் என்ன இருந்தது என்று யார் கண்டார்கள்?

"தினம் வண்டி எடுக்கறப்பவும் இப்புடி நடுங்குமா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஆரம்பத்துல நடுங்கும். அதுக்குத்தான் புடிச்சிகினு உக்கார்றது. நின்னதும் சாவியத் திருப்புவேன்." கைகளைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கி நிக்கல," என்றார்.

இங்கே என் மனம் எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். அவர்மேல் இரக்கம் வந்தது. வெட்கமும் வந்தது. ஆனால் பொறாமை போகவில்லை. அது இன்னும் கூடியது. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு நேற்று முழுவதும் அந்த மரத்தடியில் இவரால் உட்கார முடிந்தது. ஒரு நிச்சயதார்த்தத்துக்காக நான் மலை முழுக்க ஓடிக்கொண்டிருந்தேன். பயப்படும்போது பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்று இருந்தது. எனக்கு என் கால்கள் மட்டும்தான் இருந்தன.

அந்தக் கால்களை நம்பித்தான் சனிக்கிழமை விடியற்காலையில் நடந்தே கீழே இறங்கிவிடுவது என்று கிளம்பினேன். வியாபாரி சொன்ன குறுக்குவழியில் போனால் மத்தியானத்துக்குள் அடிவாரம், அங்கிருந்து கொல்லை, வயல் வழியாக வீடு. டிரைவர் வளைவு வரை கூட வந்தார்.

"ஒண்டியாப் போவாத. மழ பேஞ்ச தடம், வழுக்கும்."

"போய்த்தான் ஆவணும். நான் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது."

"சரி," என்றார். தன் வீட்டைப் பற்றி விசாரிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. திருநாவலூர் எங்கே, நான் போகும் பக்கம் எங்கே என்று அவருக்குத் தெரியாதா?

ஒன்றரை மணி நேரம் நன்றாக இறங்கினேன். ஓர் ஓடையைத் தாண்டும்போது பாசி பிடித்த கல்லில் கால் வைத்தேன். கணுக்கால் புரண்டது. எழுந்து நின்று பார்த்தேன், ஊன்ற முடியவில்லை. நாலடி தவழ்ந்து ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்தேன். சத்தம் போட்டேன். காட்டில் ஒருவரும் இல்லை.

முதலில் எல்லாரையும் திட்டினேன். மறியலை, மரத்தை, தம்பியை, டிப்போவை, கடைசியில் டிரைவரையும் திட்டினேன். கால் வீங்கிக்கொண்டே வந்தது. வெயில் ஏறியது. திட்டி முடிந்த பிறகு செய்ய எதுவும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அப்படி ஒரு நேரம் இருந்ததில்லை. எழுந்து ஓட முடியாது, யாரிடமும் சொல்லி அனுப்ப முடியாது. ஓடைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தங்கை நிச்சயத்தைப் பற்றி எத்தனை தடவைதான் நினைப்பது? நினைத்து நினைத்து அதுவும் தேய்ந்துபோயிற்று.

அப்போது என் வாயிலிருந்து சத்தமாகவே வந்தது. "சாமி, அந்த டிரைவர் புள்ளைங்களப் பாத்துக்கோ."

சொன்ன பிறகு நானே ஆச்சரியப்பட்டேன். முதலில் என் தங்கைக்கல்லவா கேட்டிருக்கவேண்டும்? சரி, அதையும் சேர்த்துச் சொல்வோம் என்று, "நம்ம வூட்டையும் பாத்துக்கோ, என்னால இனிமே முடியாது," என்றேன். மனதில் வெளிச்சம் எதுவும் வரவில்லை. கால் வலித்தது. எறும்பு கடித்தது. ஆனால் கொஞ்ச நேரம், எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் எதையும் கணக்குப் போடாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மறுபடியும் பந்தல்காரன் நினைவு வந்துவிட்டது.

பகல் சாயும் நேரத்தில் கடுக்காய் பொறுக்கப் போன மூன்று மலைப் பெண்கள் அந்த வழியாக வந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்தது. ஒருத்தி சிரித்தாள். நான் ஏற்றாமல் விட்டுப் போனவர்களில் ஒருத்தியோ என்னவோ. அடிவாரத்தைவிட வெள்ளிமலைதான் பக்கம் என்று, ஒரு கம்பை வெட்டிக் கொடுத்து, மாற்றி மாற்றித் தாங்கி மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

டிரைவர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. 'சொன்னேனே' என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். பஸ்ஸின் நீள சீட்டில் படுக்கவைத்தார். ஒரு வீட்டில் எண்ணெய் வாங்கிச் சுடவைத்து வந்து, கீழே குத்தவைத்து உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலை இழுத்துக்கொண்டேன். "வேணாங்கண்ணே," என்றேன்.

டிப்போவில் மற்ற டிரைவர்களை எல்லாம் நான் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடச் சின்னவனைக்கூட 'வாங்க போங்க' என்பேன். இவரை மட்டும் மூன்று வருடமாக 'டிரைவரே, வா, போ' என்றுதான். அதை நான் யோசித்துச் செய்ததில்லை. யோசிக்காமலேயே வாய் அப்படிப் பழகியிருந்தது. அன்று அந்த 'ங்க'வும் 'அண்ணே'யும் வெளியே வந்தபோதுதான் அவ்வளவு நாள் அவை இல்லாமல் இருந்தது எனக்கே கேட்டது.

அவருக்கும் கேட்டிருக்கும். எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. "கால நீட்டு. ஆட்டாம இரு," என்றார். அழுத்தித் தேய்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்படியே போயிற்று. முகூர்த்த நேரம் வந்து, தாண்டிப் போனதை நான் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாட்களில் வேறு வழியில்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசினோம். அவர் மகள் கணக்கில் கெட்டிக்காரி என்றார். நான் தங்கையைப் பற்றிச் சொன்னேன். அவர் சும்மா இருக்கும்போது நானும் இருந்து பார்த்தேன். அவருக்கு வந்த அமைதி எனக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் தொற்றிக்கொள்ளும் வியாதி அல்ல அது.

வியாழக்கிழமை ரோடு திறந்தது. வண்டியில் ஏறி அவர் கைகளை ஸ்டியரிங் மேல் வைத்தார். நான் விசிலை வாயில் வைக்கவில்லை. அன்று ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆயிற்று. கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் வெட்டிய புளியமரங்களை இழுத்துப் போட்டிருந்தார்கள். இலை எல்லாம் கருகிக் கிடந்தது.

வீட்டுக்குப் போனேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. அம்மா ஓடி வந்து காலைப் பார்த்து அழுதாள். தம்பி சாவகாசமாகச் சொன்னான்.

"நிச்சயம் முடிஞ்சிதுண்ணா. மாப்பிள்ள வூட்டுக்காரங்க ஏழு சைக்கிள்ல கொல்ல வழியாவே வந்துட்டாங்க. மரம் வெட்ன பசங்களே ஒதுங்கி வழி வுட்டாங்க. பந்தல் நாங்களே போட்டோம். கல்யாணமும் தை மாசம்னு பேசியாச்சு."

"சாப்பாடு?"

"எல்லாம் ஆச்சு. ஒண்ணியும் கொறையில்ல."

சந்தோஷப்படவேண்டிய செய்தி. ஒன்றும் குறையில்லையாம். நான் இல்லாததுகூட ஒரு குறையாக இல்லை. அன்று பூராவும் தம்பியைப் பார்த்துப் பொறாமையில் வெந்தேன். வேலையில்லாதவன், சோம்பேறி என்று நான் நினைத்த பையன், நான் பத்து நாள் ஓடிச் செய்திருக்கவேண்டியதை இரண்டு நாளில் முடித்திருந்தான். மறுநாள்தான் அந்த வேக்காடு கொஞ்சம் அடங்கியது. நான் பாறைமேல் உட்கார்ந்து 'என்னால முடியாது' என்று சொன்னது சனிக்கிழமை. இவர்கள் பந்தல் போட்டதும் சனிக்கிழமை. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. நான் அப்படிச் சொல்லாவிட்டாலும் தம்பி பந்தல் போட்டிருப்பான். ஆனால் நான் தூக்கிச் சுமக்காத ஒன்று கீழே விழாமல் நின்றதை என் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டிரைவர் நாலு நாள் கழித்து டிப்போவுக்கு வந்தார். கேட்டை நோக்கி நொண்டிக்கொண்டே ஓடினேன்.

"வூட்ல எப்புடிண்ணே?"

"ஒண்ணியும் ஆவல. ரெண்டு நாள் கல்லு வுழுந்துதாம். பொம்பளைங்க எல்லாம் புள்ளைங்கள இட்டுகினு உளுந்தூர்பேட்டைக்குப் போய்ட்டாங்க. நேத்துதான் திரும்பி வந்தாங்க." பிறகு, "வேற ஊருல எரிஞ்சது எரிஞ்சதுதான்," என்றார்.

அடுத்த வருடம் அவர் கேட்டு வாங்கி உளுந்தூர்பேட்டைப் பக்கம் மாற்றலாகிப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டுத்தான் போனேன், இருந்தும் என்னை வாசலில் பார்த்ததும் அவர் மனைவிக்குக் கை ஓடவில்லை. பாய் விரித்தார். கோழிக் குழம்பு வைத்திருந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டேன். டிரைவர் கோயிலுக்குப் போயிருந்தார், வருவார் வருவார் என்று அந்த அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அங்க போய் உக்காந்துட்டார்னா நேரம் தெரியாதுங்க. வூட்லயும் அப்புடித்தான். சாமி பாத்துக்கும்னு அவுரு உக்காந்துக்குவாரு. புள்ளைங்களத் தூக்கிகினு உளுந்தூர்பேட்டைக்கு ஓடுனது யாரு? நான்தானே?"

"உங்களுக்குக் கோவம் வராதாங்க?"

"கோவம் இல்லீங்க. பொறாம. எனக்கும் அப்புடிக் கொஞ்ச நேரம் உக்கார ஆசதான். ஆனா ரெண்டு பேரும் உக்காந்துட்டா அடுப்பு யாரு பாக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். மூன்று வருடம் நான் ஒருவன் மட்டும் பட்டுக்கொண்டிருந்ததாக நினைத்த ஒன்றுக்கு இன்னொரு பங்காளி கிடைத்துவிட்டார். அதில் எனக்கு ஒரு பெரிய ஆறுதல் இருந்தது. அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது, அதற்கு முன் அந்தப் பக்கத்தை நான் யோசித்ததில்லை. ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். சாமி இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். டிரைவர் வந்ததும் அதை அவரிடமே சொன்னேன். "அவ சொல்றது மெய்தான்," என்று ஒத்துக்கொண்டு, தட்டைக் கழுவி வைக்க எழுந்து போனார்.

நான் ரிட்டயர் ஆகிப் பல வருடமாகிறது. இப்போது நேரம் நிறைய இருக்கிறது, அமைதி மட்டும் அப்படியொன்றும் கூடிவிடவில்லை. காலையில் காபி குடித்துவிட்டு உட்காருகிறேன். மகன் வீட்டு லோன், பேத்தி பரீட்சை, முழங்கால் வலி எல்லாம் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, 'இது உன்னுது' என்று சொல்லி வைக்கிறேன். பாதியை எழுந்திருக்கும்போது நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சில நாள் இரண்டு மூன்று அங்கேயே கிடக்கின்றன. அந்த நாட்களில் அந்த மனிதரை நினைத்தால் பழைய எரிச்சல் அவ்வளவாக வருவதில்லை. மற்ற நாட்களில் இன்னும் வருகிறது.